மாங்கொட்டை எக்ஸ்ட்ராக்ட், நைட்ரிக் ஆக்சைடு, க்ரீஸ் டெஸ்ட்: பிளாங்க்கே பிங்க் ஆகுது, உதவி வேணும்

கிளிமூக்கு · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலேஜ்ல எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்க ஊர்ல சீசன் வந்தா கூழ் ஃபேக்டரி வாசல்ல மாங்கொட்டை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். சின்ன வயசுலருந்து பார்த்துப் பார்த்து, இதுல ஏதாவது உபயோகம் இருக்காதான்னு தோணிட்டே இருந்துச்சு. அதையே ப்ராஜெக்ட்டா எடுத்தேன். பெங்களூரா மாங்காயோட பருப்பைக் காய வெச்சு அரைச்சு, எத்தனால்ல ஊற வெச்சு எடுத்த எக்ஸ்ட்ராக்ட், நைட்ரிக் ஆக்சைடை எவ்வளவு பிடிக்குதுன்னு பார்க்கணும்.

செஞ்ச முறை: 10 மில்லிமோலார் சோடியம் நைட்ரோபுருசைடு (நைட்ரிக் ஆக்சைடை விடற உப்பு), பாஸ்பேட் பஃபர், எக்ஸ்ட்ராக்ட் சேர்த்து 25 டிகிரில 150 நிமிஷம். அப்புறம் அதுலருந்து 50 மைக்ரோலிட்டர் எடுத்து, சின்னச் சின்னக் குழி (கிணறு) இருக்கிற பிளேட்ல போட்டு, நைட்ரைட் இருந்தா பிங்க் ஆகற க்ரீஸ் ரீஏஜென்ட் சேர்த்து 540 நானோமீட்டர்ல ரீடிங்.

பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, நைட்ரைட்டே போடாத பிளாங்க் கிணறுலயும் லேசா பிங்க் வருது. மூணு கிணறு 0.112, 0.131, 0.150. தெரிஞ்ச அளவு நைட்ரைட் போட்ட ஸ்டாண்டர்ட்ல 1.56 மைக்ரோமோலாருக்கு 0.139 வருது, பிளாங்க்குக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. 100 மைக்ரோமோலாருக்கு 0.91.

ரெண்டாவது, எக்ஸ்ட்ராக்ட் இல்லாத கண்ட்ரோல் 0.63. எக்ஸ்ட்ராக்ட் 100, 200, 400, 800 மைக்ரோகிராம் போட்டா 0.17, 0.15, 0.16, 0.21. கணக்குப் போட்டா தடுப்பு 73, 76, 75, 67 சதவீதம். டோஸ் எட்டு மடங்கு ஏறியும் பலன் ஏறல, கடைசில குறையுது. இதை எப்படி எழுதறது? அடுத்த மாசம் ரிவ்யூ இருக்கு. யாராவது கை கொடுங்க.

மாரண்டஅள்ளி · செவ்வாய், இரவு 10.05

எனக்கும் இதே கதைதான்ங்க, ஆவாரம்பூ வெச்சு. பின்தொடர்றேன்.

பாலக்கோட்டான் · செவ்வாய், இரவு 11.20

தங்கச்சி, நம்பரை எல்லாம் அப்படியே எழுதினதுக்கு முதல்ல நன்றி. பாதிப் பேர் "சரியா வரல"ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடுவாங்க.

உன் ரெண்டாவது பிரச்சனையை முதல்ல பாரு. தடுப்பு சதவீதம் போடும்போது நீ பிளாங்க்கைக் கழிக்கல. 0.63லருந்து 0.17ஐக் கழிச்சு 0.63ஆல வகுத்திருக்க. பிளாங்க் சராசரி 0.131. அதைக் கழிச்சா கண்ட்ரோல் 0.50, முதல் சாம்பிள் 0.04. அப்போ தடுப்பு 73 இல்ல, 92. 200க்கு 96, 400க்கு 94. சந்தோஷப்படாத. இதுக்கு அர்த்தம், உன்னோட மிகக் குறைஞ்ச டோஸ்லயே கலர் முழுசா அடங்கிடுச்சுங்கறதுதான். தரையைத் தொட்ட பிறகு அதுக்குக் கீழே போக இடம் இல்ல, அதான் டோஸ் ஏறியும் நம்பர் அசையல. 800ல ரீடிங் ஏறுனது எக்ஸ்ட்ராக்டோட சொந்தக் கலர். அந்தக் கிணறு பிங்க்கா இருந்துச்சா, இல்ல டீ கலர்லயா? கண்ணால பார்த்துச் சொல்லு. ரீடர் சொல்ற நம்பருக்கு முன்னாடி கண் சொல்றதைக் கேளு.

இப்ப முக்கியமான கேள்வி. கலர் அடங்குனது உன் எக்ஸ்ட்ராக்ட் நைட்ரிக் ஆக்சைடைப் பிடிச்சதாலயா, இல்ல க்ரீஸ் வேதிவினையையே கெடுத்ததாலயா? நீ செஞ்ச முறையில இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கவே முடியாது.

நைட்ரிக் ஆக்சைடு ரொம்ப நேரம் நிக்காது. ஆக்சிஜன் இருக்கிற தண்ணீர்ல அது கடைசியா நைட்ரைட்டா போய் நிக்கும். நாம அளக்கறது அந்த நைட்ரைட்டைத்தான். ஆள் போன பிறகு காலடித் தடத்தைப் பார்க்கற மாதிரி. அமிலத்துல நைட்ரைட் சல்ஃபனிலமைடோட சேர்ந்து டயசோனியம் உப்பு ஆகும், அந்த டயசோனியம் என்இடியோட (நாஃப்தைல்எத்திலீன்டைஅமைன், ரீஏஜென்ட்டோட ரெண்டாவது பாதி) இணைஞ்சா பிங்க் சாயம். இந்த ரெண்டு படியிலயும் உன் மாங்கொட்டை பாலிஃபீனால் கை வைக்கும். அமிலத்துல நைட்ரைட், நைட்ரஸ் அமிலமா மாறி நிக்கும்போது பாலிஃபீனால் அதை நேரா ஒடுக்கிடும், அதாவது வேற பொருளா மாத்திடும். டயசோனியத்தோடயும் கொஞ்சம் சேரும், அப்ப பிங்க் வராம மஞ்சள், ஆரஞ்சு பக்கம் போகும். மாங்கொட்டைப் பருப்புல காலோடேனின்ங்கற பாலிஃபீனால் நிறைய. அதை அமிலத்துல நைட்ரைட் பக்கத்துல உட்கார வெச்சா சும்மா இருக்காது.

சோதிக்கற வழி ரொம்ப எளிது. நைட்ரோபுருசைடே வேண்டாம். 50 மைக்ரோமோலார் நைட்ரைட் ஸ்டாண்டர்டுல ஒவ்வொரு டோஸ் எக்ஸ்ட்ராக்டையும் போடு, உடனே க்ரீஸ் சேர்த்துப் படி. போட்ட 50 எவ்வளவு திரும்பி வருதுன்னு பாரு. 50 போட்டு 20தான் வந்தா, மீதி 30 நைட்ரிக் ஆக்சைடைப் பிடிச்சதால போனது இல்ல, அந்தக் குடுவையில நைட்ரிக் ஆக்சைடே இல்லையே.

பிளாங்க் பத்தி நாளைக்கு எழுதறேன். எந்தத் தண்ணீர் உபயோகிச்ச?

கிளிமூக்கு · புதன், காலை 7.15

நன்றி அண்ணா. 800 டீ கலர்தான். 100, 200 கூட பிங்க் இல்ல, வெளிர் ஆரஞ்சு. நான் அதைக் கவனிச்சேன், ஆனா எழுதணும்னு தோணல.

தண்ணீர் லேப்ல இருக்கிற 20 லிட்டர் கேன். டிஸ்டில்டு வாட்டர்னு ஒட்டியிருக்கு. எப்ப பிடிச்சதுன்னு தெரியல.

அரூர்_ஆசிரியை · புதன், காலை 8.50

அந்தக் கேன்தான்மா பிரச்சனை என்று எனக்குத் தோன்றுகிறது. காலேஜில் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பாதி ப்ராஜெக்ட்டின் கதை கேனில்தான் தொடங்கும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றாலே எல்லோரும் ஃபுளோரைடைத்தான் பேசுவார்கள். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் உரம் போட்ட நிலத்துக்குக் கீழே நைட்ரேட்டும் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. க்ரீஸ் ரீஏஜென்ட் நைட்ரேட்டோடு நேராக வினை புரியாது, அது உண்மை. ஆனால் மூடி சரியாக இல்லாத கேனில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றால் உள்ளே கிருமி வளரும். கேனின் உள்சுவரைத் தொட்டுப் பார், வழுவழு என்று இருந்தால் அதுதான். மிச்சம் இருந்த நைட்ரேட்டை அந்தக் கிருமிகள் நைட்ரைட்டாக்கிவிடும்.

இன்று ஒரு காரியம் செய். மெடிக்கல் ஷாப்பில் ஊசி மருந்து கலக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூல் இரண்டு வாங்கு. சில ரூபாய்தான். அதைப் பிளாங்க்காக வைத்து, கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர், இன்று புதிதாகக் காய்ச்சி வடித்த தண்ணீர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் படி. பிறகு எழுது.

ஓசூர்_ரோஜா · புதன், மதியம் 1.30

நான் ஓசூர்ல ஒரு மருந்துக் கம்பெனியில தரக்கட்டுப்பாட்டுல இருக்கேன். ஸ்டாண்டர்ட் பத்தி கொஞ்சம் சொல்லிக்கறேன், ஏன்னா எல்லாரும் சாம்பிளைச் சந்தேகப்படுவாங்க, ஸ்டாண்டர்டை யாரும் சந்தேகப்படறதில்ல.

சோடியம் நைட்ரைட் பாட்டில் எவ்வளவு பழசு? கட்டி கட்டியா இருந்தா ஈரம் இழுத்திருக்குன்னு அர்த்தம். நாள்பட காத்துல இருந்தா நைட்ரைட் கொஞ்சம் கொஞ்சமா நைட்ரேட்டா மாறும், அது உங்களுக்குக் கலர் தராது. புது பாட்டில்ல கொஞ்சம் எடுத்து டெசிக்கேட்டர்ல (ஈரம் உறிஞ்சற ஜாடி) ஒரு ராத்திரி வெச்சுட்டு எடை போடுங்க. மூலக்கூறு எடை 69. 100 மில்லில 0.69 கிராம் கரைச்சா 0.1 மோலார். அங்கிருந்து ஒரே தாவுல 10 மைக்ரோலிட்டரை 10 மில்லில போட்டு 100 மைக்ரோமோலார்னு எழுதாதீங்க. 10 மைக்ரோலிட்டர் பைப்பெட் பிழை மொத்த கர்வ்லயும் ஏறிடும். 1 மில்லியை 100 மில்லி ஃபிளாஸ்க்ல, அதுலருந்து 1 மில்லியை 10 மில்லி ஃபிளாஸ்க்ல. ரெண்டு படி, ரெண்டுலயும் கண்ணாடிப் பைப்பெட். தினமும் புதுசா.

ஸ்டாண்டர்டை எதுல கரைச்சீங்க? வெறும் தண்ணீர்லயா? சாம்பிள் பாஸ்பேட் பஃபர்ல இருந்தா ஸ்டாண்டர்டும் அதே பஃபர்லதான் இருக்கணும். செல் கல்ச்சர் மீடியம்னா அதே மீடியத்துல.

மாரண்டஅள்ளி · புதன், மதியம் 2.10

அக்கா, எங்க எலிசா ரீடர்ல 405, 450, 492, 630 ஃபில்டர்தான் இருக்கு. 540 இல்ல. 492ல படிக்கலாமா?

ஓசூர்_ரோஜா · புதன், மதியம் 2.25

ஸ்டாண்டர்ட் கர்வ் நேர்கோடா வரும்ங்க, ஆனா சாய்வு குறையும், அடிமட்ட அளவு தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆவாரம்பூ மாதிரி மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் 492ல 540ஐ விட நிறைய உறிஞ்சும். டிபார்ட்மென்ட்ல ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தா பிளேட்டை விட்டுட்டு 1 மில்லி குவெட்ல செய்யுங்க. வழித்தடம் 1 சென்டிமீட்டர் முழுசா கிடைக்கும், பிளேட்ல 150 மைக்ரோலிட்டருக்கு அதுல பாதிகூட வராது. உணர்திறன் ஏறும், ரீஏஜென்ட்தான் கூடுதலாச் செலவாகும்.

தொப்பூர்_கணவாய் · புதன், இரவு 8.00

வணக்கம். ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் நான். ஆராய்ச்சி செய்யறவன் இல்ல, ஆனா இந்த பிங்க் கலரைத் தினமும் பார்க்கறேன். யூரின் ஸ்ட்ரிப்ல நைட்ரைட்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, சிறுநீர்ல கிருமித் தொற்று இருந்தா பிங்க் ஆகும். அதுவும் இதே க்ரீஸ் வினைதான். அதுலயும் வைட்டமின் சி மாத்திரை நிறைய சாப்பிட்டவங்களுக்குத் தொற்று இருந்தும் கலர் வராம போகும். அஸ்கார்பிக் அமிலம் நைட்ரைட்டைத் தின்னுடுது. பாலக்கோட்டு அண்ணன் எக்ஸ்ட்ராக்ட் பத்தி சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

பாலக்கோட்டான் · புதன், இரவு 9.30

அருமையான உதாரணம்ங்க. இதோட வாலையும் பிடிச்சுக்கணும்: இந்த மாதிரி ப்ராஜெக்ட்டுல நிறையப் பேர் ஒப்பீட்டுக்கு வைக்கிற பாசிட்டிவ் கண்ட்ரோலே அஸ்கார்பிக் அமிலம்தான். எக்ஸ்ட்ராக்டும் டெஸ்ட்டைக் கெடுக்குது, கண்ட்ரோலும் அதே வழியில கெடுக்குது, ரெண்டும் ஒத்துப்போகுதுன்னு எழுதிடறோம். நானும் எம்.பில். காலத்துல அப்படித்தான் எழுதினேன். அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது, அதனாலதான் இந்த இழையில இவ்வளவு நீளமா எழுதறேன்.

ரீஏஜென்ட் பத்தி: 5 சதவீத பாஸ்பாரிக் அமிலத்துல 1 சதவீத சல்ஃபனிலமைடு, தண்ணீர்ல 0.1 சதவீத என்இடி, ரெண்டும் தனித்தனி அம்பர் பாட்டில்ல, ஃப்ரிட்ஜ்ல. என்இடி பழுப்பாகிட்டா தூக்கிப் போடு. ரெண்டையும் முன்னாடியே கலந்து ஒரே பாட்டிலா வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. அவசரத்துக்கு ஓகே, ஆனா கலந்ததை அன்னிக்கே தீர்க்கணும். என் அனுபவத்துல ஒண்ணு பின்னாடி ஒண்ணு சேர்க்கறதுதான் நல்லா வருது. முதல்ல சல்ஃபனிலமைடு, இருட்டுல 5லருந்து 10 நிமிஷம். டயசோனியம் முழுசா உருவாகட்டும். அப்புறம் என்இடி, மறுபடி இருட்டுல 10 நிமிஷம். அரை மணிக்குள்ள படிச்சிடு. சல்ஃபனிலமைடு சீக்கிரம் கரையாது, லேசாச் சூடு காட்டினா கரையும்.

மார்ச், ஏப்ரல்ல நம்ம ஊர் லேப்ல ஏசி நின்னா அறை வெப்பம் எங்கேயோ போயிடும், அப்ப மூலைக் கிணறுகள் காஞ்சு ரீடிங் ஏறும். ஓரத்து வரிசையில தண்ணீர் மட்டும் ஊத்தி, சாம்பிளை உள்வரிசையில வை.

கிளிமூக்கு · வியாழன், இரவு 8.45

டீச்சர் சொன்ன மாதிரி தண்ணீரை எல்லாம் பக்கத்துப் பக்கத்துல போட்டேன். ஒவ்வொண்ணும் மூணு கிணறு, சராசரி:

ஊசித் தண்ணீர் ஆம்பூல் 0.046. இன்னிக்கு வடிச்ச தண்ணீர் 0.051. குழாய்த் தண்ணீர் 0.072. லேப் கேன் 0.133.

குழாய்த் தண்ணீரை விட "டிஸ்டில்டு வாட்டர்" மோசம்! கேனுக்குள்ள விரல் விட்டுப் பார்த்தேன், சுவர் வழுவழுன்னுதான் இருக்கு. அண்ணா, 0.046க்கு மேல இருக்கிற 0.087ஐ என் கர்வ் சாய்வால வகுத்தா 11 மைக்ரோமோலார் நைட்ரைட் வருது. சரியா?

பாலக்கோட்டான் · வியாழன், இரவு 9.10

சரிதான்மா. 11 மைக்ரோமோலார்னா லிட்டருக்கு அரை மில்லிகிராம் நைட்ரைட். 1.56ஐத் தேடிட்டு இருந்த இடத்துல 11 ஏற்கனவே உட்கார்ந்திருக்கு, எப்படித் தெரியும்? பஃபர், ஸ்டாண்டர்ட், எக்ஸ்ட்ராக்ட் எல்லாமே அந்தக் கேன்லருந்து வந்ததால எல்லாம் சேர்ந்து மேல ஏறிடுச்சு. ஸ்டாக் எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசாப் பண்ணு. கண்ணாடிச் சாமானைப் புதுத் தண்ணீர்ல மூணு முறை அலசு. பிளீச்சிங் போட்டுக் கழுவற பழக்கம் இருந்தா கவனம், மிச்சம் நிக்கிற குளோரின் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிடும், அப்ப எதிர்ப்பக்கம் பிழை வரும். பர்னர் எரியற மேஜையில பிளேட்டைத் திறந்து வைக்காத, தீயிலருந்து வர்ற நைட்ரஜன் ஆக்சைடு தண்ணீர்ல கரைஞ்சாலும் பிங்க்தான்.

தொப்பூர்_கணவாய் · வியாழன், இரவு 9.40

பஃபர்னதும் இன்னொண்ணு. எங்க பக்கத்துல ஒரு ஆராய்ச்சி லேப்புக்கு உதவிக்குப் போயிருந்தேன். ரெண்டு மாசம் எல்லாச் சாம்பிளும் பூஜ்யம். ஸ்டாண்டர்ட் அழகா வருது, சாம்பிள்ல மட்டும் ஒண்ணும் இல்ல. கடைசியில பார்த்தா கெடாம இருக்க பஃபர்ல சோடியம் அசைடு போட்டு வெச்சிருந்தாங்க. அசைடு அமிலத்துல நைட்ரைட்டை அடியோட அழிச்சிடும். ஸ்டாண்டர்டைத் தண்ணீர்ல செஞ்சதால அது மட்டும் தப்பிச்சுது. ஓசூர் அக்கா சொன்ன "அதே பஃபர்ல ஸ்டாண்டர்ட்" விதியைக் கடைப்பிடிச்சிருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும். பாட்டில் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, எழுதலைன்னா அதை உபயோகிக்காதீங்க.

மாரண்டஅள்ளி · வெள்ளி, காலை 10.20

ரத்தச் சாம்பிள்லயும் இதே மாதிரி செய்யலாமா? எங்க சீனியர் ஒருத்தர் கேக்கறார்.

தொப்பூர்_கணவாய் · வெள்ளி, மதியம் 12.50

செய்யலாம், ஆனா அது வேற கதை. ரத்தத்துல நைட்ரிக் ஆக்சைடு ஹீமோகுளோபினோட வினை புரிஞ்சு பெரும்பாலும் நைட்ரேட்டாத்தான் நிக்கும், அதனால முதல்ல வனேடியம் குளோரைடோ நைட்ரேட் ரிடக்டேஸோ வெச்சு நைட்ரைட்டா மாத்தணும். காட்மியம் வெச்சும் மாத்தலாம், ஆனா அது நச்சு, வேண்டாம். புரதத்தை ஜிங்க் சல்ஃபேட்டால படிய வைங்க. ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் போட்டா நைட்ரைட்டே போயிடும். ரத்தம் சிதைஞ்சு சிவந்த சீரம் எடுக்காதீங்க, ஆக்சிஹீமோகுளோபினுக்கு 541லயே ஒரு உச்சி இருக்கு. ஹெப்பாரின் குழாய் அமிலத்துல கலங்கும். முந்தின ராத்திரி கீரை, பீட்ரூட் சாப்பிட்டு வந்தாலே நைட்ரேட் ஏறும், அதனால பட்டினிச் சாம்பிள். சீனியரைத் தனி இழை போடச் சொல்லுங்க.

கிளிமூக்கு · ஞாயிறு, மாலை 5.30

மூணு நாளா லேப்லயே இருந்தேன். பாலக்கோட்டு அண்ணா சொன்ன திருப்பி எடுக்கற சோதனை முடிஞ்சுது. புதுத் தண்ணீர், புது பஃபர், பிளாங்க் இப்ப 0.047, 0.046, 0.048. 1.56 மைக்ரோமோலார் 0.059, தெளிவாத் தெரியுது.

50 மைக்ரோமோலார் நைட்ரைட் போட்டு, எக்ஸ்ட்ராக்ட் சேர்த்து, ஒவ்வொரு டோஸுக்கும் நைட்ரைட் இல்லாத எக்ஸ்ட்ராக்ட் பிளாங்க்கையும் கழிச்சு, திரும்ப வந்தது:

10 மைக்ரோகிராம்: 49
20 மைக்ரோகிராம்: 46.5
50 மைக்ரோகிராம்: 36
100 மைக்ரோகிராம்: 21
200 மைக்ரோகிராம்: 8
800 மைக்ரோகிராம்: அளக்க முடியல

சல்ஃபனிலமைடு சேர்த்ததும் 100 கிணறைக் கண்ணு எடுக்காம பார்த்துட்டே இருந்தேன். என்இடி போடறதுக்கு முன்னாடியே மெல்ல மஞ்சள் ஏறுது. என்இடி விழுந்ததும் ஒரு நொடி பிங்க் வந்து, மஞ்சளோட கலந்து ஆரஞ்சா நின்னுச்சு. பக்கத்துக் கிணறுல வெறும் நைட்ரைட் செம்பருத்திப் பூ மாதிரி பளிச்சுன்னு இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாலு மாசமா எழுதி வெச்ச 73, 76, 75 எல்லாம் இந்த ஆரஞ்சுதான்.

அஸ்கார்பிக் அமிலத்துக்கும் அதே சோதனை போட்டேன். அதுவும் நைட்ரைட்டைத் தின்னுது.

அரூர்_ஆசிரியை · ஞாயிறு, இரவு 7.15

அழாதே மா. இந்த ஒரு அட்டவணைதான் உன் ப்ராஜெக்ட்டிலேயே மிக உறுதியான பக்கம். இனிமேல் மாங்கொட்டையில் க்ரீஸ் டெஸ்ட் செய்யப் போகும் யாருக்கும் எந்த டோஸ் வரை நம்பலாம் என்று அதில் இருக்கிறது. இதை ரிவ்யூவில் முதல் படமாகவே வை.

இந்த வினையின் வயதை நினைத்துப் பார். பீட்டர் க்ரீஸ் டயசோ வினையைக் கண்டது 1858இல், நைட்ரைட் சோதனையாக வெளியிட்டது 1879இல். இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்தார். நைட்ரிக் ஆக்சைடு நம் ரத்தக் குழாயைத் தளர்த்தும் சமிக்ஞை என்று கண்டதற்கு நோபல் பரிசு வந்தது 1998இல். க்ரீஸ் செய்த சோதனை நைட்ரைட்டுக்கானது. நாம்தான் அதை நைட்ரிக் ஆக்சைடுக்கு இழுத்து வந்திருக்கிறோம், ஆகவே இடையில் என்ன நடக்கிறது என்று சோதிக்கும் பொறுப்பும் நம்முடையது.

ஆனால் ஒரு கேள்வி, பாலக்கோட்டுத் தம்பிக்கு. நைட்ரோபுருசைடு முறையையே விட்டுவிட வேண்டுமா? கிராமத்துக் காலேஜ்களில் செல் கல்ச்சர் கிடையாது, விலை குறைந்தது இது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு வேறு வழி என்ன?

பாலக்கோட்டான் · ஞாயிறு, இரவு 10.00

நியாயமான கேள்வி டீச்சர். விட வேண்டாம், ஆனா அதோட குணத்தைத் தெரிஞ்சுக்கிட்டுச் செய்யணும்.

நைட்ரோபுருசைடு தானா நைட்ரிக் ஆக்சைடை விடறது ரொம்பக் கம்மி. வெளிச்சம் பட்டாத்தான் நல்லா விடும், இல்லைன்னா ஒடுக்கும் பொருள் ஏதாவது வேணும். இதனால மூணு தொல்லை. ஒண்ணு, ஜன்னல் பக்கம் வெச்ச குழாய்க்கும் சுவர்ப் பக்கம் வெச்ச குழாய்க்கும் ரீடிங் மாறும். என்னோட முதல் வருஷத்துல சாயங்காலம் மேற்கு ஜன்னல்ல வெயில் விழற வரிசை மட்டும் எப்பவும் கூட வரும், அதைப் புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு. ரெண்டு, எக்ஸ்ட்ராக்ட் கருப்பா இருந்தா அதுவே குடை மாதிரி வெளிச்சத்தை மறைக்கும். நைட்ரிக் ஆக்சைடே குறைவா வெளியாகும், நாம "பிடிச்சிடுச்சு"ன்னு எழுதுவோம். மூணு, எக்ஸ்ட்ராக்ட்ல இருக்கிற ஒடுக்கும் பொருள் நைட்ரோபுருசைடைத் தூண்டிவிடவும் செய்யும், அப்ப விளைவு எதிர்த்திசையில போகும். மூணும் ஒரே குழாய்க்குள்ள ஒரே நேரத்துல நடக்கலாம்.

அதனால: கண்ணாடிக் குழாய் எல்லாத்தையும் ஒரே எல்ஈடி விளக்குக்கு முன்னாடி ஒரே தூரத்துல, ஒரே வரிசையில வைங்க. ஜன்னலை மூடுங்க. கரைசலைச் செஞ்ச உடனே உபயோகிங்க. லேசான செம்பழுப்பா இருக்கணும், நீலமோ பச்சையோ ஏறிட்டா அது சிதைஞ்சது. சிதையும்போது சயனைடு வரும், அதனால அமிலத்தோட சேர்த்து சிங்க்ல கொட்டவே கூடாது. தனிப் பாட்டில்ல சேர்த்து வைங்க.

எக்ஸ்ட்ராக்ட் 20 மைக்ரோகிராமுக்கு மேல போகாம செய். திருப்பி எடுத்த அளவை வெச்சு ஒவ்வொரு டோஸையும் திருத்து. இல்லைன்னா ஒவ்வொரு சாம்பிளுக்குள்ளயும் தெரிஞ்ச அளவு நைட்ரைட் சேர்த்து சாய்வை அதுலயே எடுத்துக்கோ, அது இன்னும் நம்பகமானது. பாலிவினைல்பாலிபைரோலிடோன் தூள் போட்டுக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி எடுத்தா பாலிஃபீனால் நிறைய ஒட்டிக்கிட்டுப் போகும். நைட்ரைட் அதோட போகுதான்னு ஸ்டாண்டர்ட் வெச்சு முதல்ல பார்த்துட்டுச் செய்.

வசதி இருக்கிறவங்களுக்கு, நைட்ரோபுருசைடுக்குப் பதிலா நைட்ரிக் ஆக்சைடை விடற நோநோயேட் வகை நல்லது. வெளிச்சம் வேண்டாம், பிஎச் 7.4ல தானே விடும். டீஈஏ நோநோயேட்டுக்கு 37 டிகிரில அரை ஆயுள் சுமார் 2 நிமிஷம், அறை வெப்பத்துல சுமார் 16. காரத்துல கரைச்சு ஐஸ்ல வெச்சா தாங்கும்.

செல் கல்ச்சர்தான் தீர்வுன்னும் நினைக்காதீங்க. எலி மேக்ரோஃபேஜ் (நோய் எதிர்ப்பு) செல்லுல எல்பிஎஸ்ங்கற பாக்டீரியாச் சுவர்ப் பொருளைப் போட்டுத் தூண்டி, 24 மணி நேரம் கழிச்சு மேல்நீரை எடுத்தாலும் எக்ஸ்ட்ராக்ட் அந்த மேல்நீர்லயேதான் இருக்கும், க்ரீஸ்ல அதே கலாட்டா. செல் செத்தாலும் நைட்ரைட் குறையும், அதனால செல் உயிரோட இருக்கான்னு தனியா பார்க்கணும். செல் வளர்க்கற ஆர்பிஎம்ஐ மீடியத்துல நைட்ரேட் மட்டுமே 800 மைக்ரோமோலாருக்கு மேல இருக்கு. நைட்ரேட்டையும் சேர்த்து அளக்க நினைச்சா அந்த மீடியம் ஆகாது.

ஓசூர்_ரோஜா · திங்கள், காலை 9.00

கிளிமூக்கு, ஒரே நாள்ல மூணு கிணறு போட்டு மூணு தடவை செஞ்சேன்னு எழுதாதீங்க. மூணு வேற நாள், மூணு தடவை புதுசாக் கரைச்ச எக்ஸ்ட்ராக்ட். நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுதுன்னு அப்பத்தான் தெரியும்.

கிளிமூக்கு · அடுத்த சனி, இரவு 9.20

செஞ்சுட்டேன் அக்கா. மூணு நாள், மூணு தடவை. ஒரே எல்ஈடி, ஒரே தூரம், ஜன்னல் மூடி.

எக்ஸ்ட்ராக்ட் இல்லாத கண்ட்ரோல்ல 61 மைக்ரோமோலார் நைட்ரைட். 20 மைக்ரோகிராம் எக்ஸ்ட்ராக்டோட 52. அப்படியே எடுத்தா 15 சதவீதம் தடுப்பு. ஆனா அந்த டோஸ்ல நைட்ரைட் 93 சதவீதம்தான் திரும்ப வருது. 52ஐ 0.93ஆல வகுத்தா 55.9. அப்ப உண்மையான தடுப்பு 8 சதவீதம். நாளுக்கு நாள் ஆட்டம் ஐந்து சதவீதப் புள்ளி மேலயும் கீழயும். 10 மைக்ரோகிராம்ல கண்ட்ரோலுக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல.

எங்க கைடுகிட்ட ரெண்டு பிளேட் படத்தையும் காட்டினேன், கேன் தண்ணீர்ல செஞ்சதும் இப்ப செஞ்சதும். கொஞ்ச நேரம் பேசாம பார்த்துட்டு, "இதையே எழுது"ன்னாங்க. எட்டு சதவீதம்தான் எழுதப் போறேன், திருப்பி எடுத்த அட்டவணையோட.

அரூர்_ஆசிரியை · சனி, இரவு 9.50

எங்கள் டிபார்ட்மென்ட் ஃப்ரீசரில் டீஈஏ நோநோயேட் கொஞ்சம் இருக்கிறது, போன வருட ப்ராஜெக்ட்டில் மீந்தது. உங்கள் கைடின் கடிதத்தோடு ஒரு நாள் வந்தால் எங்கள் லேபிலேயே உட்கார்ந்து செய்யலாம். ஊத்தங்கரை வழியாக பஸ் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டை மட்டும் கொண்டு வா, தண்ணீர் இங்கே புதிதாக வடித்துத் தருகிறேன்.

கிளிமூக்கு · சனி, இரவு 9.58

வர்றேன் டீச்சர். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ல. ஊசித் தண்ணீர் ஆம்பூல் நாலு நானும் கையோட எடுத்துட்டு வர்றேன், பிளாங்க்குக்கு.

மாரண்டஅள்ளி · சனி, இரவு 10.30

டீச்சர், ஆவாரம்பூ எக்ஸ்ட்ராக்டோட நானும் வரலாமா? இன்னிக்குத் திருப்பி எடுத்துப் பார்த்தேன். 100 மைக்ரோகிராம்ல 50க்கு 28தான் வந்துச்சு.

அரூர்_ஆசிரியை · சனி, இரவு 10.34

வா தம்பி. ஸ்டாண்டர்ட் கர்வை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கேற்ற மாதிரி கிளம்பு.